டயாலிசிஸ் கட்டிலும் சாப்பாட்டுத் தட்டும்

மாதத்துக்கு ஒருமுறை டயாலிசிஸ் நோயாளியின் கைக்கு வந்து சேரும் ரத்தப் பரிசோதனைச் சீட்டில், படித்தவரானாலும் படிக்காதவரானாலும் வீட்டார் முதலில் தேடுவது கிரியாட்டினின் என்ற ஒற்றை எண்ணைத்தான். போன மாதம் 10 என்றிருந்தது இந்த மாதம் 7 என்று இறங்கியிருந்தால், ‘உப்பு குறைஞ்சிருக்கு’ என்று முகம் மலர்கிறது. ஊருக்குத் தொலைபேசியில் சேதி போகிறது. சில வீடுகளில் குலதெய்வத்துக்கு முடிந்துவைத்த காணிக்கையும் அன்றே புறப்பட்டுவிடுகிறது. அந்தச் சந்தோஷத்தைக் கலைக்க யாருக்கும் மனம் வராது என்றாலும், உண்மையைச் சொல்லாமல் இருப்பதும் நியாயமாகாது. கிரியாட்டினின் என்பது பெரும்பாலும் நம் சதையில் பிறந்து ரத்தத்தில் கலக்கிற கழிவு. சிறுநீரகம் அநேகமாக நின்றுபோய், மாதாமாதம் அதே அளவு டயாலிசிஸ் பெற்றுவரும் ஒருவருக்கு அது தானாகவே இறங்கிக்கொண்டு வருகிறதென்றால், சிறுநீரகம் மீண்டும் வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்பதைக் காட்டிலும், சரீரத்தில் சதை கரைந்துகொண்டு வருகிறது என்பதே அநேக சந்தர்ப்பங்களில் அதன் அர்த்தம். யூரியா குறைவதும், கொலஸ்டிரால் குறைவதும் இவ்வாறே. ஆரோக்கியமானவருக்கு வரப்பிரசாதமான எண்கள், இந்த நோயாளிக்கு, அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்பதற்கும் உள்ளுக்குள் க்ஷீணித்து வருகிறார் என்பதற்கும் சாட்சியாக நிற்கக்கூடும்.

இந்த விபரீதத்தைப் புரிந்துகொள்ள அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய சரித்திரத்துக்குப் போக வேண்டும். 1960-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில், பெல்டிங் ஸ்கிரிப்னர் என்ற வைத்தியர், போயிங் விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்த கிளைட் ஷீல்ட்ஸ் என்பவரின் கையில் டெஃப்லான் குழாய் ஒன்றைப் பொருத்தி, வாரந்தோறும் திரும்பத் திரும்ப டயாலிசிஸ் செய்ய வழி கண்டார். அதுவரை சிறுநீரகம் முற்றிலும் பழுதானால் நாட்களை எண்ணுவதைத் தவிர வேறு மார்க்கம் இல்லாதிருந்த உலகத்தில், ஷீல்ட்ஸ் பதினோரு ஆண்டுகள் உயிரோடு இருந்தார். யந்திரம் அவரைக் கைவிடவில்லை. 1971-இல் மாரடைப்பு வந்து அவர் இறந்தார். மூன்று ஆண்டுகள் கழித்து, ஸ்கிரிப்னரும் அவரோடு பணியாற்றியவர்களும், நெடுங்காலம் டயாலிசிஸ் பெற்ற 39 நோயாளிகளின் கதையைத் தொகுத்து வெளியிட்டபோது, அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இறந்துவிட்டிருந்தார்கள் என்பதும், அந்த மரணங்களில் பெரும்பங்கு தமனிகள் தடித்து அடைபட்டதால் நேர்ந்தவை என்பதும் தெரிந்தன. யூரியா விஷத்திலிருந்து தப்பித்தவர்களை ரத்தநாள நோய் பிடித்துக்கொண்டது.

அதன் பின்பு கிடைத்த கணக்குகள் இன்னும் கடுமையானவை. டயாலிசிஸில் இருக்கும் இருபத்தைந்து, முப்பது வயது வாலிபர் ஒருவர் இருதய, ரத்தநாள நோயால் இறக்கும் அபாயம், எண்பது வயதைத் தாண்டிய சாதாரண முதியவரின் அபாயத்துக்கு ஏறக்குறைய சமம் என்று அமெரிக்கப் புள்ளிவிவரங்களை ஆராய்ந்தவர்கள் 1998-இல் எடுத்துக் காட்டினார்கள். கொலஸ்டிரால்தான் காரணம் என்று எண்ணி அதைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஜெர்மனியில் சர்க்கரை நோயுள்ள 1255 டயாலிசிஸ் நோயாளிகளிடம் நடத்திய ஆராய்ச்சி 2005-லும், பல நாடுகளில் 2776 பேரிடம் நடத்திய மற்றொன்று 2009-லும் வெளியாயின. எல்.டி.எல். எனப்படும் கெட்ட கொலஸ்டிரால் நாற்பது சதவீதத்துக்கு மேல் இறங்கியது. மாரடைப்பு, பக்கவாதம், இருதய மரணம் ஆகியவற்றின் மொத்தத் தொகையோ குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. மற்றவர்களுக்குப் பலன் தரும் மருந்து இவர்களிடம் தோற்றதென்றால், இவர்களுடைய தமனியைக் கெடுப்பது வேறு ஏதோ ஒன்று என்று ஊகிப்பதற்கு மேதாவிலாசம் தேவையில்லை.

அந்த வேறு ஏதோ ஒன்றின் சுவடு, மாரடைப்பை ஆராய்ந்தவர்களைவிட, ஆகாரத்தை ஆராய்ந்தவர்களுக்கே முன்னதாகத் தட்டுப்பட்டது. 1990-இல், அமெரிக்காவில் 12,000-க்கும் மேற்பட்ட டயாலிசிஸ் நோயாளிகளின் பரிசோதனைகளைப் புரட்டிப் பார்த்த இருவர், யார் பிழைப்பார், யார் பிழைக்கமாட்டார் என்பதை முன்கூட்டிச் சொல்வதில், ரத்தத்திலுள்ள ஆல்புமின் என்ற புரதத்தின் அளவு மற்ற அநேக எண்களை மிஞ்சி நிற்பதைக் கண்டார்கள். ஆல்புமின் குறைந்தவர்கள் விரைவில் இறந்தார்கள். ‘சாப்பிடாததால் ஆல்புமின் குறைகிறது, அதனால் இறக்கிறார்கள்’ என்று அப்போது பலரும் எண்ணினார்கள். பாதி உண்மைதான், மற்றப் பாதி ஸ்டாக்ஹோமிலிருந்து வந்தது.

அங்கே கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த ஹுடிங்கே மருத்துவமனையில், யோனாஸ் பெர்க்ஸ்ட்ரோம், பெங்ட் லிண்ட்ஹோல்ம், பீட்டர் ஸ்டென்விங்கல் முதலானோர், டயாலிசிஸ் தொடங்கும் நிலையை நெருங்கிவிட்ட 109 நோயாளிகளை ஒரே சமயத்தில் மூன்று கோணங்களில் சோதித்தார்கள்: சரீரத்தின் போஷாக்கு எப்படி, ரத்தத்தில் அழற்சி உண்டா, கழுத்துத் தமனியின் சுவர் எவ்வளவு தடித்திருக்கிறது என்று. 1999-இல் வெளிவந்த அந்த ஆராய்ச்சியில், நூற்றுக்கு 44 பேர் போஷாக்குக் குறைந்தவர்களாக இருந்தார்கள். 32 பேருக்கு அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற புரதம் உயர்ந்திருந்தது. இளைத்துப்போனவர்களிடமே அழற்சியும் அதிகம், தமனியின் தடிப்பும் அதிகம். ஊட்டக்குறை, அழற்சி, தமனி நோய் ஆகிய மூன்றும் தனித்தனியே வந்துபோகும் விருந்தாளிகளாக இல்லாமல், ஒன்று மற்றொன்றைக் கைபிடித்து அழைத்துவரும் உறவினராக இருக்கின்றன என்பதே அதன் சாரம். இந்தப் பெர்க்ஸ்ட்ரோம் சாமானியரல்லர். 1966-இல் தாமும் ஒரு நண்பருமாக ஒற்றைக்காலால் சைக்கிள் மிதித்து, தங்கள் தொடையிலிருந்தே ஊசியால் சதைத் துணுக்கை எடுத்துச் சோதித்து, உழைத்த சதை மாவுச்சத்தை எப்படி மீண்டும் சேமித்துக்கொள்கிறது என்று கண்டுபிடித்தவர். மாரத்தான் ஓட்டக்காரர்கள் போட்டிக்கு முந்தின நாள் வயிறு நிறைய மாவுப் பண்டம் உண்பதற்கு ஆதாரம் அந்தச் சோதனைதான். சதையின் அருமை தெரிந்தவருக்கே சிறுநீரக நோயாளியின் சதை கரைவது கண்ணில் பட்டது என்பது தற்செயலாகத் தோன்றவில்லை.

அழற்சி எப்படி இத்தனை காரியத்தையும் செய்கிறது? உடம்பில் எங்கேனும் ஒரு புண்ணோ கிருமியோ நெடுநாள் தங்கிவிட்டால், எதிர்ப்புச் சக்தியைச் சேர்ந்த அணுக்கள் இன்டர்லியூகின்-6 முதலிய சேதிப் பொருள்களை இடைவிடாமல் அனுப்புகின்றன. அவற்றைக் கேட்ட கல்லீரல், ஆல்புமின் தயாரிப்பைக் குறைத்துக்கொண்டு சி.ஆர்.பி. போன்ற சண்டைக்கால உற்பத்தியில் இறங்குகிறது. மூளை பசியை அடக்கிவிடுகிறது. சதை தன் புரதத்தை உடைத்துக் கொடுக்கிறது. இன்சுலினின் பேச்சு எடுபடாமல் போகிறது. ரத்தத்தில் அமிலம் கூடியிருந்தால் சதையின் சிதைவு இன்னும் துரிதப்படுகிறது. அதே சமயம் தமனியின் உட்சுவர் புண்பட்டு, அங்கே கொழுப்பு படிவதும், நடுச்சுவரில் சுண்ணாம்பு இறுகுவதும் நடக்கின்றன. சுண்ணாம்பு இறுகாதபடி காக்கும் ஃபெட்டூயின் என்ற புரதமும் அழற்சியின்போது குறைந்துவிடுகிறது. இது திடீரென்று காய்ச்சலாக எரியும் நெருப்பல்ல. மேலே சாம்பல் பூத்து உள்ளே கனன்றுகொண்டிருக்கும் உமி நெருப்பு. நோயாளிக்குக் காய்ச்சல் இராது, வலி இராது. ‘சாப்பாடு பிடிக்கலை, அசதியா இருக்கு’ என்பதோடு சரி.

உமி எங்கிருந்து வருகிறது என்று தேடினால், அநேகமாக வைத்தியத்தின் வழியாகவே வருகிறது என்பதுதான் சங்கடம். கையில் தமனியையும் சிரையையும் இணைத்து உண்டாக்கும் ஃபிஸ்டுலா, 1966-இலிருந்து உலகத்துக்குத் தெரிந்த பத்திரமான வழி. அது முதிர்ந்து ஊசி ஏற்கப் பல வாரங்கள் பிடிக்கும். நம் ஊரிலோ மூச்சு முட்டி, முகம் வீங்கி, அவசர சிகிச்சைப் பிரிவில் வந்து விழுந்த பிறகுதான் சிறுநீரகம் போய்விட்ட விஷயமே பலருக்குத் தெரிகிறது. அன்றே கழுத்தில் குழாய் போட்டாக வேண்டும். தற்காலிகமாகப் போட்ட அந்தக் குழாய், ஃபிஸ்டுலாவுக்கு நாள் குறிப்பதில் ஏற்படும் தாமதத்தால் மாதக்கணக்கில் தங்கிவிடுகிறது. தங்குகிற ஒவ்வொரு வாரமும் கிருமி உள்ளே நுழைய வாசல் திறந்திருக்கிறது. சொத்தைப் பல்லும் ஈறு வீக்கமும் அழற்சியை ஓயாது வளர்ப்பவை. ஆனால் டயாலிசிஸ் நோயாளியின் வாயைத் திறந்து பார்க்கும் வழக்கம் எத்தனை இடத்தில் இருக்கிறது? சர்க்கரை நோயாளியின் காலில் ஆறாத புண், வெளியே தெரியாத காசநோய், உடல் ஏற்காமல் உள்ளேயே விட்டுவைத்த பழைய மாற்றுச் சிறுநீரகம், மிதமிஞ்சித் தேங்கிய நீரால் வீங்கிய குடலிலிருந்து கசியும் நச்சு, இவையும் உண்டு.

தண்ணீரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். நாம் ஒரு நாளைக்குக் குடிப்பது இரண்டு, மூன்று லிட்டர். அதிலுள்ள கசடைத் தடுக்க நமக்குக் குடல் என்ற காவல்காரன் இருக்கிறான். நிமிடத்துக்கு 500 மில்லிலிட்டர் என்ற கணக்கில் நான்கு மணி நேரம் ஓடும் டயாலிசிஸில், 120 லிட்டர் திரவம், மெல்லிய சவ்வு ஒன்றை மட்டும் இடையில் வைத்துக்கொண்டு, நோயாளியின் ரத்தத்தோடு உறவாடிவிட்டுப் போகிறது. அந்தத் தண்ணீரில் செத்த கிருமிகளின் துண்டுகள் இருந்தாலே போதும். உடம்பு அவற்றை உயிருள்ள சத்துருவாகவே பாவித்து எரியத் தொடங்கும். புதிய யந்திரங்களைத் திறந்துவைக்க ரிப்பன் வெட்டுகிற வைபவத்தில், பின்கட்டில் இருக்கும் ஆர்.ஓ. நிலையத்தின் சவ்வு எப்போது மாற்றப்பட்டது என்று ஒருவராவது விசாரித்தால் நான் அதை ஒரு பெரிய பொதுத்தொண்டாக மதிப்பேன்.

ஸ்டாக்ஹோம் குழுவினர், ஊட்டக்குறையிலும் இரண்டு ரகம் உண்டு என்றார்கள். ஒன்று, வறுமையாலும் கண்மூடித்தனமான பத்தியத்தாலும் பசியின்மையாலும் தட்டில் போதாமல் வருவது. நல்ல ஆகாரம் கொடுத்தால் தேறும். மற்றொன்று, அழற்சியால் வருவது. அங்கே நெருப்பை அணைக்காமல் எத்தனை ஊட்டினாலும் சதை சேராது. நடைமுறையில் இரண்டும் ஒரே ஆளிடம் கலந்தே இருக்கும் என்பதால், வெறும் சோற்றால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்கிறவரும் தவறு செய்கிறார், மருந்துதான் வேண்டும், சோற்றில் ஒன்றுமில்லை என்கிறவரும் தவறு செய்கிறார். இதற்கிடையில், ஆல்புமின் எண் குறைந்த மாத்திரத்தில், பல ஆயிரம் ரூபாய் விலையுள்ள ஆல்புமின் பாட்டிலை ரத்தத்தில் ஏற்றி, சீட்டில் எண்ணை உயர்த்திக் காட்டும் வழக்கம் ஒன்று நம்மிடையே பரவியிருக்கிறது. கண்ணாடியில் தெரியும் அழுக்கு முகத்துக்காகக் கண்ணாடியைத் துடைப்பதில் பிரயோஜனம் என்ன? பிரான்ஸில், போஷாக்குக் குறைந்த 186 டயாலிசிஸ் நோயாளிகளில் ஒரு பாதியினருக்கு வாய்வழி ஊட்டமும், மறு பாதியினருக்கு அதோடு ரத்தத்தில் ஏற்றும் ஊட்டமும் கொடுத்துப் பார்த்து 2007-இல் வெளியிட்டார்கள். ரத்தத்தில் ஏற்றியதால் கூடுதல் ஆயுள் கிடைக்கவில்லை. வாயால் சாப்பிட முடிகிறவருக்கு வாய்தான் சிறந்த வழி.

சதை கரைவதைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். ஆனால் டயாலிசிஸ் வார்டில் எல்லோரும் நம்பும் எடைக்கல்லே இந்த விஷயத்தில் ஏமாற்றும். ஒவ்வொரு முறையும் உள்ளே போகும்போது ஒரு எடை, வெளியே வரும்போது ஒரு எடை. இடையில் எடுத்த நீர் இரண்டு கிலோ, மூன்று கிலோ என்று கணக்கு. நீரெல்லாம் போன பின் நிற்க வேண்டிய எடையை ‘ட்ரை வெயிட்’ என்று அட்டையில் எழுதிவைப்பார்கள். அட்டையில் 52 என்று எழுதியது எழுதியபடி ஆறு மாதம் நிற்கிறது. உள்ளே மூன்று கிலோ சதை போய் அந்த இடத்தில் மூன்று கிலோ தண்ணீர் குடியேறியிருப்பது தராசுக்குத் தெரியாது. இரவில் படுத்தால் மூச்சு வாங்குகிறது என்று தலையணையை உயர்த்தி வைத்துக்கொள்ளும்போதுதான் விஷயம் வெளிப்படுகிறது. கண்ணுள்ளவர்களுக்கு முன்பே தெரியும்: நெற்றிப்பொட்டு குழி விழுந்திருக்கும், கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவிலுள்ள மேடு பள்ளமாகியிருக்கும், ரவிக்கையின் கை தொளதொளக்கும், தரையில் உட்கார்ந்தவர் கையூன்றாமல் எழமாட்டார். இவற்றைத் தொட்டுப் பார்த்து, பசியைக் கேட்டு, மதிப்பெண் போடும் முறைகள் வைத்திய சாஸ்திரத்தில் இருபது, முப்பது ஆண்டுகளாக இருக்கின்றன. நடத்தப் பத்து நிமிஷமும் பயிற்சி பெற்ற ஒரு நர்ஸும் போதும்.

இனி தட்டுக்கு வருவோம். சிறுநீரகம் பழுதாகிக்கொண்டு வரும் காலத்தில், டயாலிசிஸ் தொடங்கும் முன்பு, புரதத்தைக் குறைக்கச் சொல்வது சரியான ஆலோசனை. அப்போது உடல் எடையில் கிலோவுக்கு 0.6 முதல் 0.8 கிராம் வரை என்று கட்டுப்படுத்துவார்கள். டயாலிசிஸ் தொடங்கிய அன்றே அந்த விதி தலைகீழாகிறது, கிலோவுக்கு 1.0 முதல் 1.2 கிராம் வேண்டும். ஒவ்வொரு டயாலிசிஸிலும் அசுத்தத்தோடு சேர்ந்து ஆறிலிருந்து பன்னிரண்டு கிராம் வரை அமினோ அமிலமும் கழுவப்பட்டுப் போவதே ஒரு காரணம். விதி மாறியதை வீட்டுக்குச் சொல்ல ஆளில்லை. மூன்று வருஷத்துக்கு முன்பு எழுதிக் கொடுத்த பத்தியச் சீட்டு சமையலறைச் சுவரில் அப்படியே ஒட்டியிருக்கிறது: முட்டை கூடாது, மீன் கூடாது, பருப்பு கூடாது. இளநீரையும் பழச்சாற்றையும் பொட்டாசியத்துக்குப் பயந்து விலக்குவது நியாயம். காய்கறியை நறுக்கி வெந்நீரில் வேகவைத்து வடித்துவிடுவதும் நியாயம். ஆனால் மிச்சமிருப்பது என்ன? காலையில் மூன்று இட்லி, மத்தியானம் ரசம் ஊற்றிய சோறு, ராத்திரி கஞ்சி. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு அறுபது, எழுபது கிராம் புரதம் வேண்டிய இடத்தில் இந்தத் தட்டு முப்பது கிராமைத் தொடுவதே அரிது. டயாலிசிஸ் நாளில் விடியற்காலையில் பஸ் ஏறி, பிற்பகலில் களைத்து வீடு திரும்புகிறவர் அதையும் ஒரு வேளை தவறவிடுகிறார்.

முட்டையின் வெள்ளைக்கரு, பாஸ்பரஸ் அநேகமாக இல்லாத புரதம். டயாலிசிஸ் நோயாளிக்கென்றே படைத்ததோ என்று தோன்றும். இரண்டு வெள்ளைக்கருவில் ஏழு கிராம் புரதம் உண்டு. மீனும் கோழியும் அளவோடு நல்லவை. மரக்கறி உண்பவர்களும் பயப்பட வேண்டியதில்லை. பயறு, பருப்பிலுள்ள பாஸ்பரஸில் பாதியளவுகூட உடம்பில் சேர்வதில்லை. கோலாவிலும் பாக்கெட் தின்பண்டங்களிலும் பதனத்துக்காகச் சேர்க்கும் பாஸ்பேட்டுதான் கிட்டத்தட்ட முழுதாக ஏறிவிடுகிறது. பருப்பை விலக்கிவிட்டுப் பாக்கெட் பண்டத்தைக் கொறிக்கும் பத்தியத்தை என்னவென்று சொல்வது!

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை, முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஏழைகளுக்கு டயாலிசிஸ் இலவசமாகக் கிடைக்கிறது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வயிற்றுச் சவ்வின் வழியாக வீட்டிலேயே செய்துகொள்ளும் டயாலிசிஸுக்கான திரவப் பைகள் வாசலுக்கே வருகின்றன. இதைக் குறை கூறுவோர் நன்றி கெட்டவர்கள். ஆனால் அந்தப் பை வழியாக ஒரு நாளைக்கு ஐந்து முதல் பதினைந்து கிராம் புரதம் வெளியேறுகிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா? பையைக் கொண்டுவரும் கை, முட்டையையும் கொண்டுவந்தால் என்ன? யந்திர டயாலிசிஸோ, உலகத்தில் வாரம் மூன்று முறை என்பது வழக்கமாயிருக்க, நம் நாட்டில் பெரும்பாலோருக்கு வாரம் இரண்டே முறைதான் கிடைக்கிறது. 168 மணி நேரமும் உழைத்த சிறுநீரகத்துக்குப் பதிலாக யந்திரம் எட்டு மணி நேரம் உழைக்கிறது. அழுக்கு மிச்சமிருந்தால் பசி எடுக்காது. பசி எடுக்காவிட்டால் ஊட்டம் சேராது. ஆகையால் மூன்றாவது டயாலிசிஸும் ஒரு விதத்தில் ஆகாரப் பிரச்சனைதான்.

பணம் எங்கே என்று கேட்பார்கள். காசநோய்க்கு மருந்து மட்டும் போதாது, சாப்பாடும் மருந்தே என்று ஒப்புக்கொண்ட மத்திய சர்க்கார், 2018 முதல் ஒவ்வொரு காசநோயாளிக்கும் மாதம் 500 ரூபாய் கொடுத்து, 2024-இல் அதை 1000 ஆக்கியது. 2022-இல் இதே தமிழ்நாடு, காசநோயாளி எவ்வளவு இளைத்திருக்கிறார் என்பதை முதல் நாளிலேயே அளந்து, அபாயகரமாக இளைத்தவரை உடனே மருத்துவமனையில் சேர்க்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. காமராஜர் காலத்து மதிய உணவிலிருந்து, பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரம் ஐந்து முட்டை வரையில் வளர்ந்த நிர்வாக அனுபவம் நம்மிடம் இருக்கிறது. நாமக்கல் முட்டை லாரிகளுக்கு மாவட்ட மருத்துவமனைக்கு வழி தெரியாமலா போகும்? டயாலிசிஸ் நடக்கும்போது சாப்பிட்டால் சிலருக்கு ரத்த அழுத்தம் இறங்கும், புரை ஏறும் என்ற ஆட்சேபம் நியாயமானது. அப்படிப்பட்டவர்களுக்கு முடிந்த பிறகு கொடுக்கலாம், மற்றவர்களுக்கு முதல் மணி நேரத்திலேயே கொடுக்கலாம். ஜெர்மனியில் டயாலிசிஸ் நிலையங்களில் சாப்பாடு கொடுப்பது வெகுகால வழக்கம்.

எனவே சுகாதாரத் துறையிடம் என் வேண்டுகோள் இதுதான். காப்பீட்டுத் திட்டம் டயாலிசிஸுக்குக் கொடுக்கும் தொகையில், ஒவ்வொரு முறைக்கும் இரண்டு அவித்த முட்டையையோ அதற்கு ஈடான மரக்கறிப் புரதத்தையோ கட்டாயமாகச் சேர்க்க வேண்டும். மாதம் ஒருமுறை ஆல்புமினும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை சி.ஆர்.பி.யும், ஆண்டுக்கு ஒருமுறை பல் பரிசோதனையும் இலவசமாக்கப்பட வேண்டும். கழுத்துக் குழாயோடு மூன்று மாதத்தைத் தாண்டிய நோயாளிகளின் பெயர்ப் பட்டியலை ஒவ்வொரு மாவட்டமும் மேலிடத்துக்கு அனுப்பி, ஃபிஸ்டுலாவுக்கு நாள் குறித்துத் தர வேண்டும். ஒவ்வொரு நிலையத்தின் தண்ணீர்ப் பரிசோதனை முடிவும் வாசலில் ஒட்டப்பட வேண்டும். சட்டமன்றத்தின் அடுத்த மானியக் கோரிக்கையிலேயே இதற்கு இடம் கொடுக்கலாம்.